புதுத் தாதிக்கு முதல் வேலை: மருத்துவமனையின் பெயரா, வார்டா?

புதுச்சீருடை · 12 மே 2025, இரவு 9.40

டிப்ளோமா முடிந்து, சிங்கப்பூர்த் தாதியர் மன்றத்தில் ஆர்.என். (பதிவுபெற்ற தாதி) பதிவும் வந்துவிட்டது. ஸ்பான்சர் வாங்காமல் படித்ததால் பாண்ட் (கட்டாயச் சேவை ஒப்பந்தம்) இல்லை. கையில் மூன்று ஆஃபர். ஒன்று, பொது மருத்துவமனை. கடிதத்தில் வார்டு பெயர் இல்லை, தேவைக்கு ஏற்ப அனுப்புவோம் என்று மட்டும் இருக்கிறது. இரண்டு, தனியார் மருத்துவமனையில் எலும்பு அறுவை வார்டு, அடிப்படைச் சம்பளம் 250 வெள்ளி கூடுதல். மூன்று, வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய, முதியோருக்கான தாதிமை இல்லம்.

முதல் வேலை பெரிய மருத்துவமனையில் இருந்தால்தான் பிறகு மதிப்பு என்று வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். அது சரியா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பிரிசெப்டர்_அக்கா · 12 மே, இரவு 10.55

பெயரை ஓரமா வைங்க, தங்கச்சி. முதல் வருஷத்தில் உங்களை உருவாக்கப் போறது கட்டடம் இல்லை, வார்டு. இன்னும் சரியாச் சொன்னா, நீங்க தடுமாறுற நேரத்தில் எட்டு அடி தூரத்தில் யார் நிக்கிறாங்க என்பதுதான். அதைத்தான் மூணு இடத்திலும் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

புதுத் தாதிக்குப் பாடம் தெரியாமல் போறது குறைவு. எதை முதலில் செய்யணும் என்பதில்தான் சிக்கல். காலை ஷிப்டை எடுத்துக்குங்க. 7 மணிக்கு ரிப்போர்ட் வாங்குறீங்க. உங்க பேரில் ஏழு நோயாளிகள்னு வைச்சுக்கலாம். சாப்பாட்டு வண்டி வரும் முன் ஹைப்போகவுண்ட் (விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கிறது) முடியணும், இன்சுலின் போடணும். 8 மணி மருந்து இருக்கு. ஒருத்தரை 8.30-க்கு ஸ்கேனுக்குக் கூப்பிடுறாங்க, அவர் வெறும் வயிற்றில் இருக்கணும். அவருக்கும் இன்சுலின் எழுதியிருக்கு. அந்த நேரத்தில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து டிஸ்சார்ஜ் சொல்றாங்க. வெறும் வயிற்றில் இருப்பவருக்கு வழக்கமான வேகமான இன்சுலினைப் போட்டுட்டா ஸ்கேன் அறையில் சர்க்கரை இறங்கும். இது பரீட்சையில் கேட்டா எல்லாருக்கும் தெரியும். 7.40-க்கு, மூணு பேர் பெல் அடிக்கும்போது, இது உங்களுக்குத் தோணுமா என்பதுதான் கேள்வி. தோணாத முதல் சில மாசத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் வேணும்.

அதனால் மனிதவளப் பிரிவில் இல்லாம, முடிஞ்சா நர்ஸ் மேனேஜர்கிட்டயே இதைக் கேளுங்க. பிரிசெப்டர், அதாவது புதுசா வந்தவங்களுக்குச் சொல்லித் தர்ற சீனியர் தாதி, ஒருத்தர்தானா, இல்லை அன்னைக்கு யார் இருக்காங்களோ அவங்களா? ரெண்டு பேருக்கும் ரோஸ்டர் ஒண்ணா போடுவாங்களா? முதல் வாரங்களில் என்னை ஆள் கணக்கில் சேர்க்காம கூடுதலா விடுவீங்களா, எத்தனை வாரம்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். "முதல் நாளிலிருந்தே கணக்கில்தான்"னு சொன்னா, பிரிசெப்டர் இருந்தும் பயன் குறைவு. அவருக்கும் ஏழு பேர் இருப்பாங்க, உங்களைப் பார்க்க நேரம் இருக்காது.

இரவுஷிப்ட் · 13 மே, காலை 8.10

அக்கா சொன்னதோட ரெண்டு சேர்த்துக்கங்க. நைட் எப்போ ஆரம்பிக்கும்? ஷிப்ட் இன்சார்ஜ் (அந்த ஷிப்டோட முழுப் பொறுப்பு) எப்போ தருவாங்க?

நைட்டில் ஆள் குறைவு, ஒருத்தர் பொறுப்பில் நோயாளிகள் அதிகம். தனியா மருந்து சர்வ் பண்ணத் தகுதி பெறாம நைட் போட்டா, உங்க மருந்துக்கும் இன்னொருத்தர்தான் வரணும். அவருக்கும் பாரம், உங்களுக்கும் சங்கடம். பகல் வேலைக்குத் தேவையான திறன் சோதனைகளை எல்லாம் முடிச்ச பிறகுதான் நைட்னு சொல்ற வார்டு நல்ல வார்டு.

புதுச்சீருடை · 13 மே, மாலை 6.20

பொது மருத்துவமனையில் கேட்டேன். வார்டு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரியும் என்கிறார்கள். விருப்பம் மட்டும் எழுதலாமாம். என்ன எழுதுவது? எனக்கு ஐசியு ஆசை.

பிரிசெப்டர்_அக்கா · 13 மே, இரவு 9.30

மூணு விருப்பம் எழுத இடம் இருந்தா முதலாவது பொது மெடிக்கல், ரெண்டாவது பொது சர்ஜிகல், மூணாவது உங்க ஆசை. ஐசியுவில் புதுசா வந்தவங்களையும் எடுக்கிறாங்க, ஒருத்தர் அல்லது ரெண்டு நோயாளிதான், பயிற்சியும் ஆழமா இருக்கும். ஆனா அங்கே எல்லாமே மானிட்டரில் ஓடுது. வார்டில் மானிட்டர் கிடையாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாராமீட்டர் (ரத்த அழுத்தம், நாடி, மூச்சு மாதிரி அளவுகள்) எடுக்கிற ஒருத்தர், ரெண்டு வேளைக்கு நடுவில் மோசமாகிறதைக் கண்ணால் கண்டுபிடிக்கணும். மூச்சு எண்ணிக்கை 16-லிருந்து 24-க்குப் போறது, நேத்து பேசினவர் இன்னைக்கு ஒத்தைச் சொல்லில் பதில் சொல்றது, சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கிறது. இந்தக் கண் மெடிக்கல் வார்டில்தான் வரும். அது வந்த பிறகு ஐசியு போனா, மானிட்டர் உங்களுக்குத் துணையா இருக்கும். முதலிலேயே போனா மானிட்டரையே நம்பி நிக்கப் பழகிடுவோம்.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பாராமீட்டரில் மெஷின் எடுக்காத ஒரே எண் அது. அதனால் எல்லாருக்கும் 18-னு எழுதுற பழக்கம் ஒட்டிக்கும். ஒட்ட விடாதீங்க. நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு முழுசா ஒரு நிமிஷம் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்க. எண்ணுறது தெரிஞ்சா அவங்க மூச்சு மாறிடும்.

வார்டு வகுப்பையும் பாருங்க. பி2, சி (மானியம் உள்ள பொது அறை) வார்டில் ஒரே பார்வையில் ஐந்தாறு படுக்கை தெரியும். பக்கத்துப் படுக்கையில் சீனியர் என்ன செய்யறாங்கன்னு பார்த்தே பாதி கத்துக்கலாம். ஏ வகுப்புத் தனி அறையில் கதவைச் சாத்தினா நீங்களும் நோயாளியும் மட்டும்தான். சேவை நல்லா இருக்கும், ஆனா புதுசுக்குத் தனிமை அதிகம்.

ஈசூன்_இல்லம் · 14 மே, மாலை 3.05

மூன்றாவது ஆஃபரை யாரும் தொடவில்லை. தாதிமை இல்லம் என்றால் வேலை கற்க முடியாது என்ற பேச்சு தவறு. அங்கே ஆர்.என். எடுக்கும் முடிவுகள் மருத்துவமனையில் எடுப்பதைவிடப் பெரியவை, ஏனென்றால் டாக்டர் கட்டடத்தில் இருப்பதில்லை. வாரத்தில் சில நாள் வருவார், மற்ற நேரம் தொலைபேசி.

இரவு 2 மணிக்கு ஒரு தாத்தா கழிவறையில் விழுகிறார். தலையில் அடி, பேசுகிறார், சிரிக்கிறார், வீக்கம் சின்னதாக இருக்கிறது. மருந்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவரைப் படுக்க வைத்துக் காலையில் பார்க்கலாம் என்று விடக்கூடாது, 995 (அவசர ஆம்புலன்ஸ்) அழைக்க வேண்டும். அதே தாத்தாவுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்றப் போக வேண்டும், உடம்பு நிலையாக இருக்கிறது என்றால் 1777 (அவசரமில்லாத ஆம்புலன்ஸ்) அல்லது முன்பதிவு செய்த வண்டி போதும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நூறு நிலைமைகளில் முடிவு ஆர்.என். கையில். அனுப்பும் மெமோவில் கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கடைசி மருந்து நேரம், வழக்கமாக எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார் என்பதை எழுதாவிட்டால், அவசரப் பிரிவில் அவருடைய குழப்பம் புதிதா பழையதா என்று யாருக்கும் தெரியாது.

குழாய் உணவும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் ஊட்டுவதற்கு முன் குழாயிலிருந்து சிறிது இழுத்து பி.எச். தாளில் பார்க்க வேண்டும். 5.5-க்கு மேல் காட்டினால் ஊட்டக் கூடாது. குழாய் வயிற்றில் இல்லாமல் இருக்கலாம், அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவராகவும் இருக்கலாம். எது என்று உறுதியாகும் வரை பால் கீழே வைக்கப்படும். தலைமாடு 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும், ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே.

பிரிசெப்டர்_அக்கா · 14 மே, இரவு 10.15

ஈசூன் சொல்றது அத்தனையும் உண்மை. அதனால்தான் அதை முதல் வேலையா நான் பரிந்துரைக்க மாட்டேன். தாதிமை இல்லத்தில் இரவில் ஒரு தளத்துக்கு ஆர்.என். ஒருத்தர்தான் இருப்பார், கூட இ.என்.னும் (ஆர்.என்.னுக்கு அடுத்த நிலைத் தாதி) பராமரிப்பு உதவியாளர்களும். அவங்க கை வேலையில் உங்களைவிடத் தேர்ந்தவங்க. ஆனா "அனுப்பணுமா வேணாமா"ன்னு கேட்டு எல்லாரும் உங்க முகத்தைப் பார்ப்பாங்க. உடம்பு மோசமாகிற ஆயிரம் விதத்தைப் பார்க்காத ஒருத்தருக்கு அந்த நாற்காலி கனம். மூணு நாலு வருஷ வார்டு அனுபவத்தோட அங்கே போறவங்கதான் ஜொலிக்கிறாங்க.

ஈசூன்_இல்லம் · 14 மே, இரவு 10.50

இரண்டு ஆர்.என். ஒரே ஷிப்டில் இருக்கும் பெரிய இல்லங்களும் உண்டு. இரவில் தொலைபேசியில் சீனியர் தாதி ஒருவர் எப்போதும் கிடைக்கும் இல்லங்களும் உண்டு. ஆக, அக்காவின் கேள்வியையே இல்லத்திலும் கேட்கலாம்: இரவில் என்னோடு இன்னொரு ஆர்.என். இருப்பாரா? இல்லை என்றால் நானும் புதியவரைப் போகச் சொல்ல மாட்டேன்.

ஒப்பந்தம்_படி · 15 மே, பகல் 12.30

250 வெள்ளியைப் பற்றி யாரும் கணக்குப் போடவில்லை. குடிமகனாகவோ முழு விகித நிரந்தரவாசியாகவோ இருந்தால் மசேநிதிக்கு (மத்திய சேமநிதி) 20 விழுக்காடு போகும், கைக்கு வருவது 200. முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு போடுவார், அது உங்கள் கணக்கில் சேரும். அதற்கு எதிராக வைத்துப் பார்க்க வேண்டியவை: 13வது மாதச் சம்பளம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, இரவுப்படி ஒரு இரவுக்கு எவ்வளவு, மாதத்தில் எத்தனை இரவு. இரவுப்படியில் மாத வருமானம் 250-க்கு மேல் ஏறி இறங்கும்.

பொதுத் துறையில் இன்னொன்று, தாதியரை நீண்ட காலம் தக்கவைக்க ஊக்கத்தொகை தரும் ஏஞ்சல் திட்டம். 2024 பிப்ரவரியில் சுகாதார அமைச்சு அறிவித்தது. 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை, சில ஆண்டுகளுக்கு ஒரு தவணையாகக் கிடைக்கும். சேவைக் காலம், வேலைத்திறன் என நிபந்தனைகள் உண்டு. தனியார் மருத்துவமனைகளுக்கு அது கிடையாது. இருபத்திரண்டு வயதில் இதை வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை, ஆனால் சம்பளத்தை ஒப்பிட்டால் இதையும் ஒப்பிட வேண்டும்.

வேலை நேரம். வாரம் 44 மணி, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு என்று வேலை நியமனச் சட்டத்தில் இருப்பது அதன் நான்காம் பகுதி. உடலுழைப்பு ஊழியர் அல்லாதவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்குள் இருந்தால்தான் அது பொருந்தும். ஆர்.என். சம்பளம் பெரும்பாலும் அதைத் தாண்டும். எனவே ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் என்ன கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். காசா, பதில் விடுப்பா, ஒன்றுமில்லையா? கையெழுத்துக்கு முன் கேளுங்கள். முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் 14 நாளுக்குள் தர வேண்டியது முதலாளியின் கடமை.

சேரும்போது ஊக்கத்தொகை தருகிறார்கள் என்றால் எத்தனை ஆண்டு கட்டு, நடுவில் விலகினால் முழுதும் திருப்ப வேண்டுமா, மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமா என்ற வரியைத் தேடுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு.

தனியார்_தளம் · 15 மே, மாலை 5.45

தனியாரில் வேலை எப்படி மாறுதுன்னு சொல்றேன். நோயாளி அந்தந்த ஸ்பெஷலிஸ்டோட நோயாளி. டாக்டர் காலையில் வருவார், சாயந்தரம் வருவார், நடுவில் கிளினிக்கில் இருப்பார். வார்டில் அவசரத்துக்கு ரெசிடென்ட் டாக்டர் இருப்பார். மற்றபடி இரவில் வலி மருந்து மாத்தணும்னாலும் நீங்கதான் ஸ்பெஷலிஸ்டுக்குப் போன் பண்ணணும்.

போன் ஆர்டரில்தான் புதுசா வந்தவங்க மாட்டிக்கிறாங்க. கூப்பிடும் முன்னாடி கேஸ் ஷீட் திறந்திருக்கணும், கடைசிப் பாராமீட்டர், அலர்ஜி, கடைசியா எந்த வலி மருந்து எத்தனை மணிக்குப் போட்டது, எல்லாம் கண் முன்னால் இருக்கணும். டாக்டர் சொன்னதும் மருந்து பெயர், அளவு, எந்த வழி, எத்தனை மணிக்கு ஒருமுறை, நாலையும் திரும்ப வாசிச்சுக் காட்டணும். இன்னொரு தாதி அதே அழைப்பில் கேட்கணும். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரி கேட்கும், அதனால் "ஒன், ஃபைவ்"னு இலக்கமா சொல்லணும். குறிப்பிட்ட நேரத்துக்குள் டாக்டர் கையெழுத்து வாங்கணும்.

எலும்பு அறுவை வார்டு நல்ல வார்டுதான். இடுப்பு, முழங்கால் மாற்று, தோள். ஆனா பெரும்பாலும் திட்டமிட்ட கேஸ், பாதை தெளிவு. அதையே மூணு வருஷம் செஞ்சா அதில் வேகம் வரும், மற்றதில் கை மறந்துடும். அறுவைக்குப் பிறகு கால் விரலில் உணர்வு, நிறம், சூடு, அசைவு பார்க்கிறது ரத்தத்தில் ஊறிடும். அது எங்கே போனாலும் உதவும்.

திருச்சி_டு_தோபாயோ · 16 மே, காலை 11.20

நடுவில் கேட்கிறதுக்கு மன்னிக்கணும். என் தங்கச்சி தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு, மாநில கவுன்சில் பதிவும் வாங்கிட்டா. இங்கே முதலில் பதிவு வாங்கிட்டு வேலை தேடலாமா? ஏஜெண்ட் ஒருத்தர் பெரிய தொகை கேட்கிறார்.

பிரிசெப்டர்_அக்கா · 16 மே, இரவு 9.50

வரிசை தலைகீழ், தம்பி. இங்கே முதலில் வேலை, பிறகு பதிவு. வெளிநாட்டில் படிச்சவங்க தாதியர் மன்றத்துக்கு விண்ணப்பிக்க ஒரு முதலாளியின் வேலை வாய்ப்பு கையில் இருக்கணும். அப்புறம் ஆவணச் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு. "பதிவு வாங்கித் தர்றேன், பிறகு வேலை தேடிக்கலாம்"னு யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திடுங்க.

இன்னொண்ணு கேளுங்க: எந்தப் பதவிக்கு? ஆர்.என். படிப்பு முடிச்சவங்களை இ.என்., பராமரிப்பு உதவியாளர் பதவிக்கு எடுக்கிறது இங்கே வழக்கத்தில் இருக்கு. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா தெரிஞ்சு வரணும். உதவியாளரா வேலை செய்யற காலத்தில் மருந்து கொடுக்கிற கை இருக்காது. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஆர்.என். தேர்வு எழுதும்போது அந்த இடைவெளி உறுத்தும். ஆர்.என்.க்குத் தேர்வு எழுத வைப்பாங்களா, எத்தனை மாசத்தில், தேறலைன்னா என்ன பதவி, என்ன சம்பளம்? பதிலை எழுத்தில் வாங்குங்க.

ஒப்பந்தம்_படி · 16 மே, இரவு 10.20

ஏஜெண்ட் தொகைக்கு வரம்பு உண்டு. சிங்கப்பூர் உரிமம் பெற்ற வேலை நியமன முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் ஊழியரிடம் வாங்கலாம். உரிமம் இருக்கிறதா என்று மனிதவள அமைச்சின் இணையப் பட்டியலில் தேடலாம். ஊரில் இருக்கும் ஏஜெண்ட் வாங்குவதை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது, அங்கேதான் பணம் போகிறது.

வேலை அனுமதிக்கான கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் மனிதவள அமைச்சிடமிருந்து வந்ததும் அதில் உள்ள அடிப்படைச் சம்பளத்தை ஒப்பந்தத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எஸ் பாஸ் (வெளிநாட்டு ஊழியருக்கான ஒரு வேலை அனுமதி) தீர்வை முதலாளியின் செலவு, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ் அந்த முதலாளியோடு கட்டியது. முதல் வேலை பிடிக்கவில்லை என்று மறுவாரம் மாற முடியாது. அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளைவிட வெளிநாட்டிலிருந்து வருபவர்தான் வார்டைப் பற்றி அதிகம் விசாரிக்க வேண்டும்.

இரவுஷிப்ட் · 17 மே, காலை 8.30

தங்கச்சி வந்ததும் முதல் வாரத்தில் மாத்திக்க வேண்டியது அளவுகள். இங்கே சர்க்கரை மில்லிமோலில். ஊர் எண்ணை 18-ஆல் வகுத்தா இந்த எண். ஊரில் 300-னு சொல்றது இங்கே 16.7. ஊரில் 72 இங்கே 4. நாலுக்குக் கீழ் போனா ஹைப்போ, அதாவது சர்க்கரைத் தாழ்வு. முழு நினைவோட விழுங்க முடிஞ்சா 15 கிராம் குளுக்கோஸ் வாயில், 15 நிமிஷம் கழிச்சுத் திரும்ப ஹைப்போகவுண்ட், இன்னும் நாலுக்குக் கீழேன்னா மறுபடி. ஏறின பிறகு பிஸ்கட், ரொட்டி மாதிரி ஏதாவது சாப்பிட வைக்கணும், இல்லைன்னா ஒரு மணி நேரத்தில் திரும்ப இறங்கும். தூக்கக் கலக்கமா இருந்தா வாயில் எதுவும் ஊத்தக்கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிட்டு ஐ.வி.யில் டெக்ஸ்ட்ரோஸ்.

கிரியாட்டினின் இங்கே மைக்ரோமோலில். 88-னு பார்த்துப் பதறக்கூடாது, அது ஊரில் 1. அதே நேரம் 350 என்பது ஊரில் 4, அப்போ பதறணும். மருந்துகளும் இங்கே பெரும்பாலும் ஜெனரிக் பெயரில்தான் எழுதுவாங்க. ஊரில் பிராண்ட் பெயரில் பழகினவங்க இதிலும் கொஞ்ச நாள் திணறுவாங்க.

சுத்திகரிப்பு_மையம் · 17 மே, பிற்பகல் 2.15

டயாலிசிஸை யாருமே சொல்லலையே. தேசிய சிறுநீரக அறநிறுவனம் மாதிரி மையங்களில் ஒருத்தருக்கு நாலு மணி நேரம், வாரம் மூணு நாள். திங்கள்-புதன்-வெள்ளி ஒரு கூட்டம், செவ்வாய்-வியாழன்-சனி ஒரு கூட்டம். இரவு முழுக்க முழிக்க வேண்டாம், ஞாயிறு பொதுவா ஓய்வு. குடும்பம் இருக்கிறவங்களுக்கு அருமையான ரோஸ்டர்.

வேலை நுணுக்கமானது. கை ரத்தக்குழாய் இணைப்பில் தடிமனான ஊசி ரெண்டு குத்தணும், ஒவ்வொரு தடவையும் இடம் கொஞ்சம் தள்ளிக் குத்தணும். சுலபமா கிடைக்குதுன்னு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினா அங்கே சுவர் பலவீனமாகிப் பலூன் மாதிரி வீங்கும். குத்தும் முன் காதால் கேட்டு, விரலால் தொட்டு அதிர்வு இருக்கான்னு பார்க்கணும். அதிர்வு இல்லைன்னா குத்தவே கூடாது, அன்னைக்கே மருத்துவமனை. நடுவில் ரத்த அழுத்தம் இறங்கும். கொட்டாவி, வியர்வை, "கால் பிடிச்சு இழுக்குது"ன்னு சொல்றது, இதெல்லாம் மெஷின் கத்தும் முன்னால் வரும் அறிகுறி.

ஆனா நானும் முதல் வேலையா சொல்ல மாட்டேன். அதே நோயாளிகள், அதே சிகிச்சை. வார்டில் ரெண்டு வருஷம் இருந்துட்டு வாங்க, கண்டிப்பா வாங்க.

புதுச்சீருடை · 18 மே, மாலை 7.00

பதில் சொல்ல இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். தனியாரில் நர்ஸ் மேனேஜரிடமே பேச விட்டார்கள். பிரிசெப்டர் உண்டு, ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து ஆள் கணக்கில். தாதிமை இல்லத்தில் இரவில் ஒரு ஆர்.என்.தான். பொது மருத்துவமனையில் இன்னும் வார்டு தெரியவில்லை. பொது மருத்துவமனைகள் மூன்று குழுமங்களில் இருக்கின்றனவே, குழுமம் எதுவாக இருந்தாலும் ஒன்றுதானா?

பிரிசெப்டர்_அக்கா · 18 மே, இரவு 10.05

மூணு குழுமமும் நல்ல பயிற்சி தருது. சிங்ஹெல்த்தில் சிங்கப்பூர் பொது மருத்துவமனை, சாங்கி, செங்காங், கேகே. தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமத்தில் டான் டொக் செங், கூ டெக் புவாட், உட்லண்ட்ஸ், மனநலக் கழகம். தேசியப் பல்கலைக்கழகக் கட்டமைப்பில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, இங் டெங் ஃபோங், அலெக்சாண்ட்ரா. ஒரே குழுமத்துக்குள் பின்னால் மாறுறது சுலபம், சேவைக் காலமும் தொடரும். நோயாளிப் பதிவுக் கணினி மென்பொருளும் ஒரு விஷயம். சிங்ஹெல்த்தில் சன்ரைஸ், மத்த ரெண்டில் எபிக். மாறினா முதல் மாசம் மருந்தைவிடத் திரையோடதான் அதிகம் மல்லுக்கட்டணும்.

மேலே விருப்பத்தில் மெடிக்கல் முதலில்னு சொன்னேன். ஒண்ணு சேர்க்கணும். உங்களுக்குக் குழந்தைகள் பிரிவிலோ மனநலத்திலோ உறுதியான விருப்பம் இருந்தா, பொது வார்டு வழியாத்தான் போகணும்னு கட்டாயம் இல்லை. குழந்தைக்கு எடைக்கு ஏத்த மருந்துக் கணக்கு, மனநலத்தில் பேச்சாலேயே ஒருத்தரை அமைதிப்படுத்துறது, இதெல்லாம் பெரியவங்க வார்டில் கத்துக்க முடியாது. உங்க ஆசை ஐசியுன்னு சொன்னதால்தான் மெடிக்கல் சொன்னேன்.

மலாய்_கொஞ்சம் · 19 மே, காலை 7.50

இழை நீண்டுவிட்டது, ஆனாலும் ஒன்று. எந்த வார்டு போனாலும் மொழி. ஹொக்கியன் மட்டும் பேசும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வலிக்கு மலாயில் சாக்கிட், தலைசுற்றலுக்குப் பெனிங், சிறுநீருக்குக் கெஞ்சிங். ஹொக்கியனில் வலிக்குத் தியா, வயிற்றுப்போக்குக்கு லாவ்சாய். இந்த ஐந்து தெரிந்தால் இரவில் பாதிப் பெல்லுக்குப் பதில் கிடைக்கும்.

தமிழ் பேசும் தாதி என்றால் பக்கத்து வார்டிலிருந்தும் கூப்பிடுவார்கள். நோயாளிக்கு அது பெரிய ஆறுதல், போங்கள். ஆனால் அறுவைச் சிகிச்சைச் சம்மதத்துக்கு மொழிபெயர்க்கச் சொன்னால், டாக்டர் நேரில் இருக்க வேண்டும், படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் இடத்தில் உங்கள் பெயர் எழுத வேண்டும், புரியாத மருத்துவச் சொல்லை ஊகித்துச் சொல்லக் கூடாது. டாக்டரிடம் திரும்பக் கேட்டுச் சொல்லுங்கள். மகனை வைத்து அம்மாவுக்குச் சொல்ல வைப்பதும் கூடாது. கெட்ட செய்தியை மகன் பாதி மறைத்துவிடுவார்.

இரவுஷிப்ட் · 19 மே, காலை 9.15

தீபாவளி ரோஸ்டரையும் சொல்லிடறேன். சீனப் புத்தாண்டுக்கு நீங்க வேலைக்கு நிக்கிறேன்னு ஜனவரியிலேயே சொல்லிட்டா, தீபாவளிக்கு உங்களுக்கு ஓய்வு கேட்க வாய் இருக்கும். பொது விடுமுறையில் வேலை செஞ்சா கூடுதல் ஒரு நாள் சம்பளமோ பதில் விடுப்போ உண்டு, எதுன்னு கேட்டு வைங்க.

ஞாயிறு காலை ஷிப்ட் இன்னொண்ணு. எம்ஆர்டி முதல் ரயில் மற்ற நாளைவிடத் தாமதமா கிளம்பும். தீவோட ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போறவங்க 7 மணி ரிப்போர்ட்டுக்கு நேரத்துக்குப் போக முடியாது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஞாயிறு முதல் ரயில் எத்தனை மணிக்குச் சேர்க்கும்னு இப்பவே பாருங்க. ஒரே பஸ் தூரம் என்பது 250 வெள்ளியைவிடப் பெரிய விஷயமா ஆகிற நாள் அது.

புதுச்சீருடை · 23 மே, மாலை 6.35

பொது மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டேன். விருப்பத்தில் பொது மெடிக்கல் எழுதினேன், அதே கிடைத்தது, பி2 வகுப்பு. முதல் ஆறு வாரம் ஆள் கணக்கில் இல்லை, பிரிசெப்டரோடு ஒரே ரோஸ்டர். நைட் நான்காவது மாதத்துக்குப் பிறகு. சேரும் முன் என்னென்ன தயாராக வைக்க வேண்டும்?

பிரிசெப்டர்_அக்கா · 23 மே, இரவு 9.20

நல்ல வார்டு, தங்கச்சி, சந்தோஷம். ஹெபடைடிஸ் பி ஊசி மட்டும் போட்டா போதாது, ரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10-க்குக் குறையாம இருக்கான்னு பரிசோதனை முடிவு கேட்பாங்க. குறைவா இருந்தா பூஸ்டர், திரும்பப் பரிசோதனை, அதுக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் இப்பவே செய்யுங்க. தட்டம்மை, சின்னம்மை ஆவணமும் எடுத்து வைங்க. என்95 மாஸ்க் பொருத்தச் சோதனையில் எந்த மாடல், எந்த அளவு உங்க முகத்துக்குச் சரின்னு சொல்வாங்க, அதைப் போனில் எழுதி வைங்க. பி.சி.எல்.எஸ். (இதய இயக்க மீட்பு முதலுதவி) சான்றிதழ் ரெண்டு வருஷம்தான் செல்லும், படிக்கும்போது எடுத்தது எப்போ முடியுதுன்னு பாருங்க. பி.சி. (தாதியர் மன்றம் தர்ற பணிச் சான்றிதழ்) கைக்கு வராம ஒரு ஷிப்ட்கூடத் தாதியா நிக்கக் கூடாது, அதில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே இருக்கான்னும் சரிபாருங்க.

ரிப்போர்ட் எடுக்க ஒரு ஏ4 தாளை எட்டா மடிச்சு, ஒரு கட்டத்துக்கு ஒரு நோயாளி. கட்டத்தின் மேலே படுக்கை எண், அலர்ஜி. இடது ஓரத்தில் நேரம் மட்டும்: 8, 10, 12, 2. ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் செய்ய வேண்டியது. செஞ்சதும் கோடு. கோடு விழாத வரி எது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த ஷிப்டுக்கு ரிப்போர்ட் பாஸ் பண்ணணும். ஷிப்ட் முடிஞ்சதும் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, வார்டில் இருக்கிற ரகசியக் காகிதப் பெட்டியில் போட்டுட்டுக் கிளம்புங்க.

ஒப்பந்தம்_படி · 23 மே, இரவு 9.45

ஆறு வாரம், நான்காவது மாதம் என்பதெல்லாம் வாய்ச்சொல்லா, மின்னஞ்சலில் இருக்கிறதா? வாய்ச்சொல் என்றால், "இன்று பேசியபடி" என்று ஆரம்பித்து நர்ஸ் மேனேஜருக்கு நாலு வரி மின்னஞ்சல் இன்றே அனுப்புங்கள். மேனேஜர் மாறினால் அதுதான் பேசும்.